'ஆன்' என்றால் மேலா?

ஆங்கிலத்தில் இடம் சுட்டும் 'ஆன்' என்ற சொல்லுக்கு 'மேல்' என்று பள்ளியில் படித்திருப்போம். மேசை மேல் புத்தகம் என்ற அளவில் அது சரிதான். ஆனால் அறையின் உட்கூரையில் ஒட்டியிருக்கும் ஈக்கும் ஆங்கிலம் 'ஆன்' என்றே சொல்கிறது. ஈ இருப்பதோ கூரைக்குக் கீழே! ஆக, 'ஆன்' காட்டுவது உயரத்தை அல்ல. ஒரு பரப்பைத் தொட்டு, அதன் பிடிப்பில் இருப்பதை. தொடாமல் உயரே இருந்தால் 'அபவ்' அல்லது 'ஓவர்'.

சுவரில் பல்லி, மதில்மேல் பூனை: ஆங்கிலத்தில் இரண்டுமே 'ஆன்'. தமிழ் பிரித்துச் சொல்கிறது. பக்கத்தில் ஒட்டியதற்கு 'இல்', உச்சியில் இருப்பதற்கு 'மேல்'. மொழிபெயர்ப்பில் படத்தைச் 'சுவரின் மேல்' மாட்டினால் அது மதில்மேல் பூனையாகிவிடும்.

தொல்காப்பியர் ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' என்ற உருபைச் சொல்லி, உள், மேல், கீழ், புறம் எனப் பல இடப்பொருள்களை அதனடியில் அடுக்குகிறார். இன்று அந்தச் சுமையைப் பெரும்பாலும் 'இல்' தாங்குகிறது.

டொராண்டோவில் பேருந்துக்கு 'ஆன்', காருக்கு 'இன்', யங் தெருவுக்கு 'ஆன்'. தமிழில் மூன்றுக்கும் 'இல்' போதும். இங்கே வளரும் பிள்ளை "பஸ்ஸுக்கு மேலே இருக்கிறேன்" என்றால் சிரிக்காதீர்கள். சொல்லுக்குச் சொல் வைக்காமல், எது எதைத் தொடுகிறது என்று காட்டிக் கொடுங்கள்.