மார்க்-விவியென் ஃபோயே: 72வது நிமிஷம்

ஃபோயே ஆடின காலத்துல நான் கால்பந்து அவ்வளவா பார்த்ததில்லை. எனக்கு அவர் ஒரு பழைய வீடியோ வழியாகத்தான் அறிமுகம். 2003 ஜூன் 26, பிரான்ஸின் லியோன் நகரம். கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில் கேமரூனும் கொலம்பியாவும் ஆடுகின்றன. 72வது நிமிஷம். பந்து வேறெங்கோ இருக்கிறது. மைய வட்டத்துக்குள் இருந்த ஃபோயே அப்படியே சரிந்து விழுகிறார். யாரும் இடிக்கவில்லை, பக்கத்தில் ஆளே இல்லை. செயற்கை சுவாசம், ஆக்சிஜன், ஸ்ட்ரெச்சர். சுமார் 45 நிமிடம் போராடியும் இதயம் திரும்பவில்லை. வயது 28.

கேமரூன் 1-0 என்று ஜெயித்தது. மூன்று நாள் கழித்து இறுதிப்போட்டியும் நடந்தது. நடத்தியிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஃபோயே பேர் தெரியாத ஆட்டக்காரர் இல்லை. யாவுண்டேவில் பிறந்து, 19 வயதிலேயே 1994 உலகக்கோப்பையில் ஆடியவர். பிரான்ஸில் லான்ஸ் அணி ஒரே ஒரு முறைதான் லீக் பட்டம் வென்றிருக்கிறது, 1998இல். அந்த அணியில் இவர் உண்டு. 2002இல் லியோன் முதல்முறையாக வென்றபோதும் இவர் உண்டு. கேமரூனுக்காக 2000, 2002 என இரண்டு ஆப்பிரிக்கக் கோப்பைகள். கடைசி சீசனில் லியோனிடமிருந்து இரவலாக மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். சிட்டியின் பழைய மைதானமான மெய்ன் ரோட்டில் அந்த அணி அடித்த கடைசி கோல் இவருடையது. அவர் விழுந்து இறந்த கெர்லாண்ட் மைதானமோ, லியோனுக்காக அவர் ஆடிய சொந்த மைதானம்.

இத்தனை கிளப் மாறின ஒருத்தரோட இதயக் கோளாறு எப்படி யார் கண்ணிலும் படாமல் போச்சு? இந்தக் கேள்விதான் என்னை ஒரு வாரம் மருத்துவக் கட்டுரைகளுக்குள் உட்கார வைத்தது.

முதல் பிரேதப் பரிசோதனையில் காரணம் தெளிவாகவில்லை. இரண்டாவதில்தான் 'ஹைப்பர்டிராஃபிக் கார்டியோமயோபதி' என்று தெரிந்தது. இதயத் தசை இயல்புக்கு மீறித் தடித்துப்போகும் பரம்பரைக் கோளாறு. சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது பரவலான கணக்கு, அதாவது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. பலர் தெரியாமலே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். சிக்கல் தடிமனில் மட்டும் இல்லை. தசை நார்கள் வரிசையாக இல்லாமல் தாறுமாறாகக் கிடப்பதால், அதன் வழியே போகும் மின்சாரம் தடம் மாறலாம். கடுமையாக ஓடும்போது இந்த அபாயம் கூடும். மின்துடிப்பு குழம்பினால் இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும். நம்ம பேச்சு வழக்கில் எல்லாமே 'மாரடைப்பு'தான். ஆனால் மாரடைப்பு என்பது குழாய் அடைப்பு, இது வயரிங் கோளாறு.

இப்போ கண்டுபிடிக்கிற கஷ்டத்துக்கு வருவோம். தினமும் பயிற்சி செய்பவரின் இதயச் சுவரும் கொஞ்சம் தடிக்கும், அது ஆரோக்கியமான தடிப்பு. சாதாரணமாக 12 மில்லிமீட்டர் வரை சரி. 13 முதல் 15 வரை சந்தேகப் பிரதேசம். ஸ்கேன் பார்க்கும் டாக்டருக்கு நோயும் உழைப்பும் ஒரே மாதிரி தெரியும் இடம் அது.

இத்தாலியில் 1982 முதலே போட்டி விளையாட்டு வீரர்களுக்கு ஈசிஜி கட்டாயம். வடகிழக்கில் வெனெட்டோ பகுதியில் எடுத்த கணக்குப்படி, இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. பெரிய வெற்றிதான். ஆனாலும் அதே இத்தாலியில், 2018இல் ஃபியோரெண்டினா கேப்டன் டாவிடே அஸ்டோரி ஹோட்டல் அறையில் தூக்கத்திலேயே இறந்துபோனார். எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆன கோடு ப்ரொடக்ஷனில் விழுவதை என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கேன், அதனால இது எனக்கு ஆச்சரியமா இல்லை. டெஸ்ட் வேண்டாம் என்று அர்த்தமில்லை. விழுந்தபின் எழுப்ப ஏற்பாடும் வேண்டும்.

அந்த ஏற்பாடு டிஃபிபிரிலேட்டர். குழம்பின மின்துடிப்பை ஒரு ஷாக் கொடுத்து மொத்தமாக அடக்கும். அப்புறம் இதயத்தின் சொந்த லயம் திரும்ப வாய்ப்புண்டு. கிட்டத்தட்ட ரீபூட். எதுவும் செய்யாமல் போகும் ஒவ்வொரு நிமிஷமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கும். அதனால்தான் இப்போது மோதல் இல்லாமல் ஒருவர் விழுந்தால், வேறென்று தெரியும்வரை இதயம் நின்றதாகவே எடுத்துக்கொண்டு அங்கேயே மார்பை அழுத்தத் தொடங்கச் சொல்கிறார்கள்.

2012 மார்ச்சில் லண்டன் மைதானத்தில் விழுந்த ஃபாப்ரிஸ் முவாம்பாவுக்கு 78 நிமிடம் இதயம் துடிக்கவில்லை. 15 ஷாக் கொடுத்தார்கள். பிழைத்தார், ஆனால் அதோடு ஆட்டம் முடிந்தது. 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தார். புல்தரையிலேயே மார்பை அழுத்தினார்கள், அங்கேயே ஷாக் கொடுத்தார்கள், நினைவு திரும்பியது. பின்பு உடலுக்குள் பொருத்திய கருவியோடு ஆட வந்தபோது, அதை வைத்துக்கொண்டு ஆட இத்தாலி விதிகள் அனுமதிக்காததால் இன்டர் மிலானை விட்டார். 2022இல் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டில் சேர்ந்தார்.

மான்செஸ்டர் சிட்டி, ஃபோயே போட்டிருந்த 23ஆம் எண் ஜெர்சியை அதன்பின் யாருக்கும் கொடுக்கவில்லை.