டிஜிட்டல் கையொப்பமிட்ட மருத்துவ ஆவணங்களில் நேரமுத்திரை: அறிந்துகொள்ள வேண்டியவை

ஆய்வக அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவச் சான்றிதழ் ஆகியவை பல மருத்துவமனைகளில் டிஜிட்டல் கையொப்பமிட்ட பி.டி.எஃப். கோப்புகளாக வழங்கப்படுகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இக்கையொப்பத்தை அங்கீகரிக்கிறது. கையொப்பமிட்டவர் யார், அதன்பின் ஆவணம் மாற்றப்பட்டதா என்பவற்றைக் கையொப்பம் காட்டும். கையொப்பமிட்ட நேரத்தை உறுதிசெய்வது நம்பகமான நேரமுத்திரை.

நேரமுத்திரை ஏன் தேவை?

நேரமுத்திரை இல்லாத கோப்பில் காணப்படும் நேரம், கையொப்பமிட்டவரின் கணினிக் கடிகாரம் காட்டியதே. அக்கடிகாரம் தவறாக இருக்கலாம்; மாற்றப்பட்டும் இருக்கலாம். மேலும், மருத்துவரின் கையொப்பச் சான்றிதழ் பொதுவாக 1 முதல் 3 ஆண்டுகள் வரையே செல்லுபடியாகும். ஆதார் வழி மின்கையொப்பத்துக்கான சான்றிதழின் ஆயுள் 30 நிமிடங்களே. காப்பீட்டுக் கோரிக்கையோ வழக்கோ பல ஆண்டுகளுக்குப் பின் எழக்கூடும். சான்றிதழ் நடப்பில் இருந்தபோதே கையொப்பமிடப்பட்டது என்பதற்கு அப்போது நேரமுத்திரையே முக்கியச் சான்று.

எவ்வாறு செயல்படுகிறது?

கையொப்பத்திலிருந்து கணக்கிடப்படும் ஒரு குறியீடு மட்டுமே நேரமுத்திரை வழங்கும் அமைப்புக்கு அனுப்பப்படும். அவ்வமைப்பு அதனுடன் நேரத்தைச் சேர்த்து, தன் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். குறியீட்டிலிருந்து அறிக்கையைப் படிக்க இயலாது. ஆகவே உங்கள் நோய் விவரம் அவ்வமைப்புக்குத் தெரியவராது. இந்தியாவில் சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற அமைப்புகள் இச்சேவையை வழங்குகின்றன.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கோப்பைப் பெற்றவுடன், கணினியில் பி.டி.எஃப். மென்பொருளில் கையொப்ப விவரத்தைத் திறந்து பார்க்கவும். நேரம் கணினிக் கடிகாரத்திலிருந்து பெறப்பட்டது எனக் காட்டினால், நேரமுத்திரையிட்ட ஆவணத்தை வழங்க இயலுமா என மருத்துவமனையிடம் கேட்கவும்.
• மூலக்கோப்பை மாற்றாமல் இரண்டு இடங்களில் சேமிக்கவும்.
• அச்சுப் பிரதியிலும் ஸ்கிரீன்ஷாட்டிலும் கையொப்பத்தையோ நேரமுத்திரையையோ சரிபார்க்க இயலாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படமாக அன்றி, கோப்பாகவே அனுப்பவும்.
• பெயர், வயது போன்றவற்றில் பிழை இருப்பின் நீங்களே திருத்த வேண்டாம், சரிபார்ப்பு தோல்வியுறும். திருத்தி மீண்டும் கையொப்பமிட்ட ஆவணத்தை மருத்துவமனையில் பெறவும்.

கவனத்திற்கு

நேரமுத்திரை குறிப்பது கையொப்பத்தின் நேரத்தையே. பரிசோதனை நடந்த நேரத்தை அன்று. நோயறிதல் சரியானது என்பதற்கும் அது உறுதி அளிக்காது. நேரமுத்திரை இல்லாததால் மட்டும் ஓர் அறிக்கை பொய்யாகிவிடாது. அதன் பொருட்டுச் சிகிச்சையைத் தாமதிக்க வேண்டாம்.