வானிலே குற்றம், நிலத்திலே தண்டம்

தண்டம் என்னும் சொல் தமிழிலே கோலையும் குறிக்கும், ஒறுத்தலையும் குறிக்கும். கோலைக் கையிற் பிடித்தவனே ஒறுக்கும் உரிமை உடையவன் என்ற பழைய அரசியல் உண்மை அச்சொல்லுள்ளே பொதிந்து கிடக்கின்றது. அக்கோல் வளையாதிருத்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் விதித்த நிபந்தனை. திருவள்ளுவர் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் கொடுங்கோன்மைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தபின், வெருவந்த செய்யாமை என மூன்றாவது ஒன்றையும் வைத்தார். குடிகள் அஞ்சி நடுங்கும் ஒறுப்பு அரசனுக்கே கேடாய் முடியும் என்பது அதன் கருத்து. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கள்வன் என்று எண்ணிக் கோவலனைக் கொல்வித்தான். ஆராயாது கொல்வித்தான் என்பதே அவன்மீது சுமந்த பழி.

இப்பழைய அளவுகோலை இக்காலத்துப் புதியதோர் இடத்தில் வைத்துப் பார்க்க விரும்புகின்றேன். அவ்விடம் ஆகாய விமானம். விமானப் பிரயாணிகள் சிலர் குடித்துக் கலகஞ் செய்தனர், பணிப்பெண்ணைத் தாக்கினர், குண்டு உளதெனப் பொய்கூறி அச்சுறுத்தினர் என்ற செய்திகளை நாம் அடிக்கடி வாசிக்கின்றோம். வாசித்தவுடன், “இவர்களை ஆயுள் முழுவதும் விமானத்தில் ஏற்றக்கூடாது” என்று ஒரு சாராரும், “இதற்கு இத்துணைத் தண்டனையா?” என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இரு சாராரும் தண்டனையின் அளவைப் பற்றியே பேசுகின்றனர். குற்றம் யாது, அதை ஆராய்ந்தவர் யார் என்னும் கேள்விகள் பின்தங்கி விடுகின்றன.

விமானம் ஏனைய இடங்களைப் போன்றதன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். பசறையிலிருந்து பதுளைக்குச் செல்லும் பேருந்தில் ஒருவன் கலகஞ் செய்தால், நடத்துநர் அவனை அடுத்த வளைவிலே இறக்கிவிடலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் இறக்கிவிட இடமில்லை. அழைத்தவுடன் வரப் பொலிசாரும் இல்லை. ஒருவன் செய்யும் சிறு மூடச்செயல் நூற்றுக்கணக்கானோர் உயிரைத் தொட்டுவிடும். இதனாலேயே 1963 ஆம் ஆண்டு டோக்கியோவிற் செய்யப்பட்ட சர்வதேச உடன்படிக்கை, கலகக்காரனைக் கட்டிவைக்கவும், வழியில் இறக்கிவிடவும், இறங்கும் நாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைக்கவும் விமானத் தலைவருக்கு அதிகாரம் அளித்தது. ஆயினும், கட்டிவைத்தல் காவல், தண்டனை அன்று. தண்டனை நிலத்துக்கு வந்தபின், நீதிமன்றத்தில் வழங்கப்படுவது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே பல அநீதிகள் பிறக்கின்றன.

நம் நாட்டு வழக்கு ஒன்றையே முதலில் எடுத்துக்கொள்வோம். 1982 ஜூன் 30 ஆம் நாள், சேபால ஏக்கநாயக்க என்னும் இலங்கையர் டில்லியில் ஏறிய இத்தாலிய விமானம் ஒன்றைக் குண்டு வைத்திருப்பதாக அச்சுறுத்திப் பாங்கொக் நகரில் தடுத்து வைத்தார். பிரிந்திருந்த இத்தாலிய மனைவியையும் மகனையும் தம்மிடம் சேர்ப்பிக்க வேண்டும், 3 இலட்சம் டொலர் தரவேண்டும் என்பன அவர் கேட்டவை. இரண்டும் கிடைத்தன. பிரயாணிகள் விடுவிக்கப்பட்டனர். அவர் பணத்தோடும் குடும்பத்தோடும் கொழும்பு வந்து சேர்ந்தபோது, வீரனை வரவேற்பதுபோல் வரவேற்றவர்களும் இருந்தார்கள். பிள்ளைப் பாசம் என்ற ஒன்றைச் சொல்லிவிட்டால் நம் மக்கள் மனம் இளகிவிடும். விமானத்துள் அடைபட்டிருந்தவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு என்பதை அவர்கள் அப்பொழுது நினைத்ததாகத் தெரியவில்லை.

அவரை எந்தச் சட்டத்தின்கீழ் விசாரிப்பது என்ற வினா எழுந்தது. விமானக் கடத்தலைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் அன்று இலங்கையில் இருக்கவில்லை. பாராளுமன்றம் விரைந்து கூடி, 1982 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கச் சட்டத்தை, முன்நடந்த செயலுக்கும் செல்லுமாறு இயற்றியது. அதன்கீழ் அவருக்கு ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

செயல் நடந்தபின் சட்டம் இயற்றி ஒருவனை ஒறுத்தல் முறையாகுமா? செய்தபொழுது குற்றமாகாத செயலுக்குப் பின்னர்த் தண்டித்தல் ஆகாது என்பது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை தரும் காப்பு. எனினும், உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்ட நெறிகளின்படி அன்றே குற்றமாயிருந்த செயலுக்கு அக்காப்பு இல்லை என்றும் அதே உறுப்புரை கூறுகின்றது. பிறர் உயிரைப் பணயம் வைத்தல் குற்றம் என்பதை அறியச் சட்டப்புத்தகம் வேண்டுவதில்லை, மனச்சான்று போதும். ஆகவே அவர் குற்றவாளி என்ற முடிவில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒருவரை மனத்தில் வைத்து அவசரமாக வனையப்படும் சட்டம் ஆபத்தான கருவி என்பதையும் மறத்தலாகாது. இன்று குற்றவாளிக்கு வனைந்த சுருக்குக் கயிறு நாளை குற்றமற்றவன் கழுத்துக்கும் பொருந்திவிடும்.

பொருந்தியும் விட்டது என்பதற்கு இந்தியாவில் ஒரு வழக்கு உளது. 2017 அக்டோபரில் மும்பாயிலிருந்து டில்லி சென்ற விமானத்தின் கழிப்பறையிலே, கடத்தற் பயமுறுத்தல் எழுதிய கடிதம் ஒன்று அகப்பட்டது. விமானம் அகமதாபாத்தில் இறக்கப்பட்டது. பிரயாணி ஒருவர் கைதானார். 2016 ஆம் ஆண்டுக் கடத்தல் தடைச் சட்டத்தின்கீழ் 2019 இல் அவருக்கு ஆயுட்காலச் சிறையும் 5 கோடி ரூபா அபராதமும் விதிக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் குஜராத் உயர் நீதிமன்றம் சாட்சியம் போதாதெனக் கண்டு அவரை விடுதலை செய்தது. இடைப்பட்ட ஆண்டுகளை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பார்? அச்சத்தின் அளவைக் கொண்டு சாட்சியத்தின் குறையை நிரப்புதல் கூடாது என்பதே இவ்வழக்குத் தரும் பாடம்.

இனி, செயல் மெய்யே நடந்திருந்தும் செய்தவன் மனம் தன்வசம் இல்லாதிருந்தால் என்செய்வது? 2017 மே 31 ஆம் நாள் மெல்பேணிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானத்தில், இலங்கை மாணவர் ஒருவர் கையில் ஒரு மின்கருவியை ஏந்திக் குண்டென்று கூவினார். பிரயாணிகள் அவரை மடக்கிக் கட்டினர். விமானம் மெல்பேணுக்கே திரும்பியது. அன்றைய தினமே அவர் மனநோய் மருத்துவமனை ஒன்றிலிருந்து விடுவிக்கப்பட்டவர் என்பது பின்னர் வெளிவந்தது. போதை மருந்துப் பழக்கமும் இருந்தது. 2018 இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைக் குறைத்தது. பிரயாணிகள் அடைந்த திகில் பொய்யன்று. அந்த இளைஞனின் நோயும் பொய்யன்று. இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுப்பவனே நீதிபதி. ஒரு தட்டை மட்டும் பார்ப்பவன் வெறும் பார்வையாளன்.

பேச்சும் ஒழுக்கக்கேடாகுமா என்பது வேறொரு வினா. 2018 செப்டெம்பரில் தூத்துக்குடி சென்ற விமானத்தில், ஆளுங் கட்சியின் மாநிலத் தலைவி உடன்வரக் கண்ட ஓர் ஆராய்ச்சி மாணவி, ஒன்றிய அரசைக் கண்டித்து முழக்கமிட்டார். தலைவி முறைப்பாடு செய்தார். மாணவி கைதாகி மறுநாள் பிணையில் வந்தார். அவ்வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023 இல் இரத்துச் செய்தது. விமானத்தில் முழக்கமிடுதல் நாகரிகம் அன்று என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். நாகரிகக் குறைவுக்கெல்லாம் விலங்கு பூட்டுவதானால் நாட்டில் இரும்பு போதாது.

நீதிமன்றத்துக்குச் செல்லாமலே வழங்கப்படும் தண்டனையும் உண்டு. அதுவே விமானக் கம்பனிகளின் தடைப்பட்டியல். இந்திய அரசு 2017 செப்டெம்பரில் இதற்கு விதி வகுத்தது. வாய்த்துடுக்குக்கு 3 மாதம் வரையும், கைகலப்புக்கு 6 மாதம் வரையும், உயிருக்கு ஆபத்து விளைக்கும் செயலுக்கு 2 ஆண்டும் அதற்கு மேலும் தடை என அவ்விதி வரையறுத்தது. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவரைத் தலைவராகக் கொண்ட குழு ஆராய்ந்து 30 நாளில் முடிவு கூறல் வேண்டும் என்றும் விதித்தது. ஏட்டளவில் இது செம்மையான ஏற்பாடே. ஆனால் 2020 ஜனவரியில், விமானத்திலே தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரை வினாக்களால் நச்சரித்த நகைச்சுவையாளர் ஒருவருக்கு ஒரு கம்பனி விசாரணைக்கு முன்னரே 6 மாதத் தடை அறிவித்தது. வேறு சில கம்பனிகளும் உடனே கதவடைத்தன. பின்பு கூடிய குழு அதை 3 மாதமாகக் குறைத்தது. தண்டனை முன்னே ஓடிற்று. விசாரணை பின்னே நடந்தது.

இதனை வாசித்தபோது ஊவாத் தோட்டங்களின் பழைய வரலாறு என் நினைவுக்கு வந்தது. ஒருகாலத்தில் ‘துண்டு’ என்றொரு கடதாசி இருந்தது. தொழிலாளியின் கடனைக் குறித்த அத்துண்டு இன்றி அவனை வேறெந்தத் தோட்டத்திலும் சேர்க்கமாட்டார்கள். ஒரு வாயில் அடைபட்டால் எல்லா வாயிலும் அடைபட்டன. 1921 இல் சட்டம் அம்முறையைத் தடைசெய்தது. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் வழக்கமோ பின்னரும் நீடித்தது. முறையிடுபவரும் அளப்பவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் நீதி எவ்வாறு நடக்கும் என்பதை எங்கள் மக்களுக்கு யாரும் புத்தகத்தால் கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வாண்டு எங்கள் மாணவர் தமிழ் மன்றத்தில் இப்பொருளை விவாதத்துக்கு வைத்தேன். கடுந்தண்டனையே வேண்டும் என்ற கட்சிக்குக் கைதட்டல் மிகுதியாயிற்று. அப்பொழுது பின்வாங்கில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “ஐயா, எங்கம்மா மொதத் தடவ குவைத்துக்குப் போகயில, எழும்பாதீங்கனு சொன்னது அவங்களுக்கு வெளங்கலையாம். பக்கத்துல இருந்தவங்க கையப் புடிச்சு ஒக்கார வச்சாங்களாம். அதுவும் குத்தமா ஐயா?” என்று கேட்டாள். மன்றம் அமைதியாயிற்று. லயத்திலிருந்து புறப்பட்டு, வீட்டுப் பணிப்பெண்ணாகக் கடல்கடந்து செல்லும் நம் தாய்மார் எத்தனையோ பேர். ஆங்கிலமும் அரபும் அறியாதவள் கட்டளையை மீறினாளா, கட்டளை அவளை எட்டவே இல்லையா என்பதை ஆராயாத பட்டியல், அவளுடைய பிழைப்பையே அடைத்துவிடும்.

அதற்காகக் குற்றத்தை மென்மையாக்கச் சொல்லவில்லை. விமானப் பணிப்பெண்ணும் தொழிலாளியே. அவளை அடிப்பவன் தொழிலாளியை அடிப்பவன். 2022 நவம்பரில் நியூயோர்க்கிலிருந்து டில்லி வந்த விமானத்தில், குடிவெறியிலிருந்த ஒருவர் முதிய பெண்மணி ஒருவர்மீது சிறுநீர் கழித்ததாக எழுந்த முறைப்பாட்டை எண்ணிப் பாருங்கள். கம்பனி அதனை உரியபடி கையாளவில்லை என்பதற்காக 30 இலட்சம் ரூபா அபராதம் விதிக்கப்பட்டது. விமானத் தலைவரின் அனுமதிப்பத்திரமும் 3 மாதம் நிறுத்தப்பட்டது. நலிந்தவர் முறையிடும்போது வாளாவிருத்தலும் கோல் கோடுதலே.

ஆகவே ஆசிரியர்களும் மாணவர்களும் இப்பொருளை விவாதிக்கும்போது நான்கு வினாக்களை முன்வைப்பார்களாக. செயல் நடந்ததென்பது சாட்சியால் நிறுவப்பட்டதா? செய்தவர் அறிந்து செய்தாரா? தண்டனை செயலின் அளவுக்கு ஏற்றதா, பிறர் கொண்ட அச்சத்தின் அளவுக்கு ஏற்றதா? தீர்ப்பளித்தவர் முறையிட்டவரினின்றும் வேறானவரா? இந்நான்குக்கும் நேரான விடை கிடைத்தபின் வழங்கப்படும் தண்டனை எத்துணைக் கடுமையாயினும் நான் அதற்குத் தலைவணங்குவேன். விடை கிடைக்காத இடத்தில் ஒரு நாள் தடையும் மிகையே. இவ்வினாக்களுள் முதலாவதையேனும் மதுரையில் ஒருவர் அன்று கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான், பாண்டியனும் பிழைத்திருப்பான்.