தேன் எடுத்தவன் புறங்கை

“பத்து ரூபாய்க் காசா? வேண்டாமய்யா, தாளாகக் கொடு!”

தருமபுரி மாவட்டத்துக் கடைவீதியிலும் பேருந்திலும் சந்தையிலும் இந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போனவர்கள் நாம். செல்லும், செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தண்டோராப் போடாத குறையாகச் சொல்லிற்று. 14 வடிவங்களில் வெளிவந்த அத்தனையும் செல்லும் என்றது. கேட்பார் யார்? 2022ஆம் ஆண்டு அரூரைச் சேர்ந்த ஒருவர், தம் தாயார் நடத்திய கடையில் சேர்ந்த பத்து ரூபாய்க் காசுகளை வாங்குவார் இல்லையே என மனம் வெதும்பினார். அதே காசுகளைத் திரட்டித் திரட்டி, ஏறத்தாழ 6 இலட்சம் ரூபாயைக் காசாகவே கொட்டிக் கார் ஒன்றை வாங்கிக் காட்டினார். ஏடுகளெல்லாம் அதை வேடிக்கைச் செய்தியாக வெளியிட்டன. வேடிக்கைதானா அது? அரசு முத்திரையிட்ட காசை ஊர் நம்ப மறுக்கிறது என்பது சிரித்துவிட்டு மறக்கும் செய்தியா?

ஊர் வேண்டாமென்று ஒதுக்கும் காசு ஒருபுறம் இருக்க, ஒரே ஒரு காசுக்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணி வைக்கும் கூட்டமும் நாட்டிலே உண்டு. நாணயச் சேகரிப்பாளர்கள் கூடும் கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். பூதக்கண்ணாடியும் கையுமாக நிற்பார்கள். ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பையில் அடித்த காசு. விண்மீன் இருந்தால் ஐதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. குறியே இல்லையென்றால் கொல்கத்தா. நான்கே நாணயச்சாலைகள் இந்நாட்டில். எந்தச் சாலையில், எந்த ஆண்டில், எத்தனை காசு அடித்தார்கள் என்பதைப் பொறுத்து, ஒரு ரூபாய் ஒரு ரூபாயாகவே கிடக்கும். அல்லது ஆயிரம் ரூபாயாக ஏறி உட்காரும். அச்சு பிசகிய காசு, இருபுறமும் ஒரே முகம் விழுந்த காசு என்றால் கேட்கவே வேண்டாம்! குறை கூடக் கூட விலை கூடுகிற பண்டம் இந்த ஒன்றுதான் போலும்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. அந்த நான்கு சாலைகளுக்குள்ளே வேலை பார்ப்பவர்கள் நாணயம் சேகரிக்கலாமா? வாங்கி விற்கலாமா?

“சேகரித்தால் என்ன குடி முழுகிவிடும்?” என்பார் உளர். அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. எந்திர ஓசையிலே செவி மரத்து, உலோகத் தூசியிலே மூச்சுத் திணறி, நாளெல்லாம் காசு அடித்துக் கொட்டுகிறான் பாட்டாளி. பேரறிஞர் அண்ணா நூற்றாண்டையொட்டி 2009இல் வந்த 5 ரூபாய்க் காசிலே அவருடைய தமிழ்க் கையெழுத்து பொறிக்கப்பட்டது; 2024 ஆகஸ்ட் 18ஆம் நாள் சென்னையில் வெளியான கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய் நாணயத்திலே ‘தமிழ் வெல்லும்’ என்ற தொடர் தமிழ் எழுத்தாகவே மின்னியது. அப்படிப்பட்ட காசு ஒன்று தன் வீட்டுப் பேழையிலும் இருக்கட்டும், பேரப்பிள்ளைக்குக் காட்டி மகிழலாம் என்று அதை அடித்த தொழிலாளி விரும்பினால், அதைக் குற்றமென்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நெசவாளி தான் நெய்த சேலையைத் தன் மனைவி உடுத்திப் பார்க்க ஆசைப்படக் கூடாதா?

ஆசைப்படலாம். ஆனால் நெசவாளி ஒரு சேலையை வைத்துக்கொண்டால் மற்றச் சேலைகளின் விலை ஏறாது, இறங்காது. நாணயத்தின் கதை வேறு. அரிய காசின் விலை அதன் எண்ணிக்கையில் இருக்கிறது. அந்த எண்ணிக்கை எத்தனை என்று ஊருக்கு முன்னே அறிந்தவன் உள்ளே இருப்பவன். கெட்ட எண்ணம் கொண்டால், அந்த எண்ணிக்கையைப் படைக்கவும் வல்லவன்.

கற்பனை பேசுகிறோம் என்று கருத வேண்டாம். அமெரிக்காவில் ஐந்து சென்ட் காசிலே சுதந்திர தேவியின் முகம் பொறிப்பதை 1912ஆம் ஆண்டோடு நிறுத்தினார்கள். 1913இல் எருமைக் காசு வந்துவிட்டது. ஆனால் 1913 என்ற ஆண்டோடு, பழைய தேவியின் முகத்தோடு, ஐந்தே ஐந்து காசுகள் உலகிலே இருக்கின்றன. நாணயச்சாலைக் கணக்கில் அவை இல்லை. எங்கிருந்து வந்தன? சாமுவேல் பிரவுன் என்பவர் 1919இல் இதழொன்றில் விளம்பரம் செய்தார்: அப்படிப்பட்ட காசு யாரிடமாவது இருந்தால் விலை கொடுத்து வாங்கிக் கொள்வதாக! அடுத்த ஆண்டே அந்தக் காசுகளை அவரே கையில் வைத்துக் காட்டினார். யார் இந்தப் பிரவுன்? பிலடெல்பியா நாணயச்சாலையின் முன்னாள் ஊழியர். தேடுவது போல் விளம்பரம், கிடைத்தது போல் நாடகம்! அவற்றுள் ஒரு காசு 2013இல் 30 இலட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. அதே பிலடெல்பியாவில் 1933இல் 20 டாலர் தங்கக் காசுகள் 4,45,500 அடித்தார்கள். புழக்கத்துக்கு விடாமல், அருங்காட்சியகத்துக்கு இரண்டை ஒதுக்கிவிட்டு மற்றதை உருக்கச் சொல்லிவிட்டது அரசு. உருக்கினார்கள், ஆனால் இருபது போல உலைக்குப் போகாமல் வாசலைத் தாண்டிவிட்டன. ஐயம் விழுந்தது காசாளர் மீது. எகிப்து மன்னன் பரூக்கின் பேழை வரை போய்ச் சேர்ந்தது ஒன்று. அது 2021இல் நியூயார்க்கில் 1 கோடியே 88 இலட்சம் டாலருக்கு மேல் விலை போனது. நகை வணிகர் ஒருவர் குடும்பத்தில் கிடைத்த பத்துக் காசுகளுக்கோ நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து, 2016இல் மேல்முறையீட்டு மன்றமும் அவை அரசின் சொத்து என்றே தீர்ப்பளித்தது. அடித்தது 1933இல்; தீர்ந்தது 2016இல்! ஒரு கை செய்த வேலையை அளக்க எண்பத்து மூன்று ஆண்டு பிடித்தது.

நம் நாடு மட்டும் என்ன வாழ்ந்தது? வெள்ளையர் காலந்தொட்டு மும்பை, கொல்கத்தா நாணயச்சாலைகள், பழைய அச்சுகளை எடுத்துப் பழைய காசுகளை மீண்டும் புதிதாக அடித்துச் சேகரிப்பாளர்க்குக் கொடுத்து வந்தன; 1970 வரை நடந்தது இது. தனி ஊழியர் செய்தால் திருட்டு, சாலையே செய்தால் சேவை!

காசுச் சாலைக்கு உடன்பிறந்தது நோட்டு அச்சகம். 2018 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்துத் தேவாஸ் அச்சகத்தில், அச்சுப் பிழையென்று கழித்த நோட்டுகளைக் காலணிக்குள் செருகிக் கடத்தியவர் பிடிபட்டார். கைப்பற்றிய தொகை ஏறத்தாழ 90 இலட்சம். பிடிபட்டவர் பெருக்கித் துடைக்கும் தொழிலாளி என்று நினைக்கிறீர்களா? மேற்பார்வை செய்யும் நிலையில் இருந்த அதிகாரி!

“தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?” என்று ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மன்னித்துவிடும் பழக்கம் நம்மவர்க்கு உண்டு. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் பாறை விளிம்பிலே உயிரைப் பணயம் வைத்துத் தேன் எடுக்கும் தோழன் புறங்கையை நக்கட்டும். அது அவன் வியர்வை. நாணயச்சாலைத் தேனடையோ ஊரார் சொத்து. அந்தப் புறங்கைக்கு இந்தப் பழமொழியை இரவல் கொடுக்க நாம் தயாராக இல்லை.

இந்த மண்ணின் உழவனுக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலோ பென்னாகரத்திலோ ஓர் ஏழை தன் சொந்த நிலத்தை உழும்போது கொழு முனையில் பழங்காசுப் பானை ஒன்று தட்டுப்பட்டால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை! கோவணம் கட்டிய உழவன் 10 ரூபாய்க்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம். காசு பிறக்கும் வீட்டிலேயே குடியிருப்பவன் காட்ட வேண்டாமா?

சட்டம் அடியோடு வாய்மூடி இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். எடையையோ கலவையையோ மாற்றும் நாணயச்சாலை ஊழியனுக்கு ஏழாண்டு வரை சிறை; அச்சுக் கருவியை வெளியே கொண்டுபோனாலும் ஏழாண்டு வரை. 1860இன் தண்டனைச் சட்டத்தில் 244, 245 என்றிருந்த இப்பிரிவுகள் 2023இன் புதிய சட்டத்தில் 187, 188 ஆயின. அரசு ஊழியர் முன் அனுமதியின்றி வணிகம் செய்யலாகாது என்று 1964ஆம் ஆண்டு நடத்தை விதியும் சொல்லிற்று. நாணயச்சாலைகள் 2006இல் தனி நிறுவனத்தின் கீழ் போய்விட்டன. நிறுவனம் மாறினாலும் நியாயம் மாறவில்லை: விற்கும் தொழில் அவர்க்கு ஆகாது. அவர் பெயரிலும் ஆகாது, மனைவி பெயரிலும் மைத்துனன் பெயரிலும் ஆகாது.

சேர்த்து வைக்கட்டுமே! சம்பளத்திலே எடுத்த பணத்தைக் கட்டி, ஊரார் நிற்கும் அதே வரிசையிலே நின்று, ஊரார் கொடுக்கும் அதே விலைக்கு வாங்கட்டும். பிசகிய காசு மட்டும் எவர் பேழைக்கும் போகக் கூடாது. உலைக்குப் போக வேண்டும், அல்லது எண்ணிக்கை எழுதி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும்.

அரிய பொருள் கைக்கு வந்தால் என்ன செய்வது என்று தகடூர் மண்ணுக்குப் பிறர் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. அரிதிலே கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான் அதியமான். அந்தக் கனியை உண்டால் நெடுங்காலம் வாழலாம் என்பதை நாம் நம்பவில்லை. கொடுத்த கையை நம்புகிறோம்.

“இதையெல்லாம் யார் சரிபார்ப்பது? நாணயம் மனத்தில் அல்லவா இருக்க வேண்டும்?” என்று கேட்பார்கள். மனத்தில் இருக்கட்டும், ஏட்டிலும் இருக்கட்டும். நாணயச்சாலையில் பணிபுரிவோர் தம்மிடமுள்ள சேகரிப்பை ஆண்டுக்கொருமுறை எழுதிக் கொடுக்க ஒரு பதிவேடு போதும். வாசலிலே தொழிலாளியின் மடியைத் தடவிப் பார்க்கும் கை, அதிகாரியின் காலணியையும் கழற்றச் சொல்லட்டும். பதிவேட்டின் முதல் பக்கத்தில் மேலதிகாரியின் பெயரை எழுதுங்கள். எந்திரத்தருகே நிற்பவன் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.