ஜிப்சமா, வெறும் அதிர்ஷ்டமா?

தோல் தொழில் வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் பலருக்குச் சோறு போட்டது. கூடவே பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் உப்பையும் ஏற்றியது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த உப்பு ஏறிய மண்ணை யார் தேற்றுவது?

குடியாத்தம் பக்கம் உப்புப் பாய்ந்த வயலில் ஒருவர் சவுக்கு நடுவதாக வைத்துக்கொள்வோம். மண்ணைத் தேற்ற ஒரு வரிசைக்கு ஜிப்சம், அடுத்ததற்குத் தொழுஉரம், மூன்றாவது சும்மா. இரண்டு வருஷத்தில் ஜிப்சம் வரிசை மற்றவற்றைவிட அரை அடி உசரம். ஜிப்சத்தின் கைவண்ணமா? அந்த வரிசை வாய்க்காலை ஒட்டி இருந்திருக்கலாமே!

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான் 1920-களில் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் வழி சொன்னார். வயலைப் பல பகுதிகளாகப் பிரி. ஒவ்வொன்றிலும் எல்லா உரத்துக்கும், உரமில்லாததற்கும், தனித்தனி வரிசை வை. எது எங்கே என்பதைச் சீட்டுப் போட்டுத் தீர்மானி. நம் சவுக்கு வளர்ந்த பிறகு மார்பளவில், அதாவது தரையிலிருந்து 1.37 மீட்டரில், தண்டின் சுற்றளவை அள.

ஒரே உரம் பெற்ற மரங்களுக்குள்ளேயே ஏற்ற இறக்கம் இருக்கும். உரங்களுக்கு இடையிலான வித்தியாசம் அதைவிட எவ்வளவு பெரிது என்று பார்ப்பதே மாறுபாட்டுப் பகுப்பாய்வு. உரத்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வர நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பு என்றால், பலன் உண்டு என்று ஏற்பது வழக்கம். அந்த ஐந்து வெறும் மரபுதான், வேதவாக்கு அல்ல.

'இதைப் போட்டால் மரம் எகிறும்' என்று யாராவது மூட்டையை நீட்டினால், போடாத வரிசை எங்கே என்று முதலில் கேளுங்கள்.