போட்டிக்கு எந்தப் பாட்டு?

தமிழ்மொழித் தினப் போட்டிக்கான சுற்றறிக்கை பாடசாலைகளுக்கு வந்து சேர்ந்ததும், பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் ஒரு கவலை பிறந்துவிடுகிறது: பிள்ளை எதைப் பாடுவது? பெற்றோர் பலர் உடனே நாடுவது சினிமாப் பாட்டையே. 2023ஆம் ஆண்டில் மலையகச் சிறுமி ஒருத்தி சென்னைத் தொலைக்காட்சிப் போட்டியில் பாடிப் புகழ் பெற்ற பின்னர், அந்த ஆசை வளர்ந்திருந்தால் வியப்பில்லை.

ஆசை இருக்கட்டும், பிள்ளையின் குரல் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டாமா? பின்னணிப் பாடகியர் எட்டிப் பிடிக்கும் உச்சத்தைப் பத்து வயதுப் பிள்ளையும் எட்ட வேண்டுமென்று வற்புறுத்தினால், சரணத்தில் குரல் பிளந்துவிடும். பாதியில் நின்று, கண் கலங்கி மேடையை விட்டிறங்கிய சிறுமியரை நாம் கண்டிருக்கிறோம். பாட்டின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் முதலில் பாடச் செய்து, இரண்டும் இடரின்றி ஒலிக்கும் கட்டையைக் குறித்துக்கொள்வதே முறை. அவ்வாறு ஒரு கட்டை அகப்படவில்லையெனில் அந்தப் பாட்டையே விட்டுவிடலாம்.

விதிகள் இடங்கொடுக்குமாயின், நாம் விரும்புவது வேறொன்று. லயம் என்றால் இசை வல்லார்க்குத் தாளத்தின் ஒழுங்கு. நம் தோட்டங்களிலோ அது வரிசையாய் நிற்கும் வீடு. அந்த லயத்துக்குள்ளேதான் தாலாட்டும் ஒப்பாரியும், கங்காணியை எள்ளி நகையாடும் பாட்டும் பிறந்தன. மாசியில் காமன் கூத்தில் தப்பின் ஒலியோடு எழும் ரதியின் புலம்பலைக் கேட்டோர் மறப்பரோ?

"தோட்டத்துப் பாட்டென்று நடுவர் சிரிப்பாரே!" என்று தாய்மார் கூசுகின்றனர். இந்தக் கூச்சந்தான் நமக்கு வருத்தந் தருகிறது. 1947இல் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைச் சிரிப்புக்குரியவையென எண்ணவில்லை. அவர் தொகுத்தவை 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாயின. ஏட்டில் ஏறாமல் இன்னும் எத்தனையோ, முதியோர் நெஞ்சிலேயே கிடக்கின்றன. அவர்களோடு அவையும் போய்விடும்.

ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அம்மாயியின் அருகில் அமரச் செய்யுங்கள். அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளலாம். விளங்காத சொல்லுக்கு அவரிடமே பொருள் கேட்கலாம். "எனக்கென்ன பாட்டுத் தெரியும்?" என்று முதலில் மறுப்பார். வெற்றிலை மடித்துக் கொடுத்து மறுபடியும் கேளுங்கள்.