தையல் மெஷினின் கறுப்பு மெருகு

பழைய சிங்கர் தையல் மெஷினின் கறுப்புப் பளபளப்பு சாதாரண பெயின்ட் அல்ல. நிலக்கீல், ஆளிவிதை எண்ணெய், டர்பன்டைன் சேர்ந்த ஜப்பான் பூச்சை வார்ப்பிரும்பின் மேல் பூசி, சூளையில் சுட்டு இறுக்கினார்கள். அதன்மேல் பொன்னிறப் பூவேலை ஒட்டுப்படங்கள். அவற்றைக் காக்க, கடைசியாக மெல்லிய வார்னிஷ். பல மெஷின்களில் அது அரக்கு.

தேனி, போடி, கம்பம் பக்கத்து வீடுகளிலும் தையற்கடைகளிலும் இருக்கும் பழைய மெஷின்கள் மங்கித் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், எண்ணெய்ப் பிசுக்கும் பழுப்பேறிய வார்னிஷும்தான். இதற்காகப் புது பெயின்ட் அடிப்பது பேரிழப்பு. மறைந்த பூவேலை திரும்பாது.

வெள்ளைப் பருத்தித் துணியில் மெஷின் எண்ணெய் தொட்டு, அடிப்பக்கத்தில் சோதித்துப் பார்த்தபின், கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுமையாகத் துடைக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் ஆகாது. ஸ்பிரிட் அதைவிடக் கெடுதல். அரக்கை உடனே கரைத்துவிடும். காப்பு போன இடத்தில் பொன்னிறம் வெள்ளிநிறமாக வெளிறும்.

மேற்பூச்சு தேய்ந்த கறுப்புப் பகுதிக்குத் தச்சர்களின் பிரெஞ்சு பாலிஷ் முறை பொருந்தும். அரக்குச் சில்லுகளை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தை அதில் நனைத்து, ஓரிரு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தொட்டு, சுழற்றிச் சுழற்றி மெல்லிய படலங்களாக ஏற்ற வேண்டும். பூவேலைமேல் அழுத்தித் தேய்க்கலாகாது. ஈரக்காற்றில் அரக்கு வெண்மை பூத்துவிடும் என்பதால், கம்பம் பள்ளத்தாக்கில் ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களைத் தவிர்த்து, மாசி, பங்குனியின் வறண்ட நாட்களில் இதைச் செய்வது நல்லது.